பழைய நோயின் கணக்கில் எழுத வேண்டாம்

ஆட்டிசமோ, எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடியோ, கண் சிமிட்டலும் தோள் குலுக்கலுமாக வரும் டிக்ஸ் கோளாறோ உள்ள பிள்ளையின் உடம்பில் புதிதாக ஏதேனும் தெரிந்தால், "இவனுக்கு இது இருக்கிறதுதானே" என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சமாதானம் பிள்ளையின் இதயத்தையே பலிவாங்கலாம். தொண்டையில் தொற்றும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள், சிலருக்கு மூளையில் அசைவை ஆளும் அடிக்கருக்களையும் தாக்குகின்றன. தொண்டை வலி ஆறிச் சில வாரங்களோ மாதங்களோ கழித்துக் கைகால் தானாகத் துள்ளும், கையெழுத்து கோணும், காரணமின்றி அழுகை வரும், செய்ததையே திரும்பச் செய்யும் பழக்கமும் தலைகாட்டும். இது சிடன்ஹாம் கொரியா, வாதக் காய்ச்சலின் ஒரு முகம். ஏற்கெனவே டிக்ஸ் உள்ள பிள்ளையிடம் இதைத் தவறவிடுவது மிக எளிது. தவறவிட்டால், அதே நோய் இதய வால்வைக் கெடுப்பதும் தெரியாமல் போகும்; மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடவேண்டிய பென்சிலின் ஊசியும் தள்ளிப்போகும்.

பேச்சு வராத ஆட்டிசப் பிள்ளையின் நிலை இன்னும் கடினம். தலையை மோதிக்கொள்வது சொத்தைப்பல்லாலோ காதுச் சீழாலோ இருக்கலாம். இரவெல்லாம் அலறுவது மலச்சிக்கலால் இருக்கலாம். இரண்டு மூன்று உணவை மட்டுமே தின்று, வைட்டமின் சி குறைந்து, ஸ்கர்வி வந்து நடக்க மறுத்த பிள்ளைகளை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. மருந்தையும் மறக்கக்கூடாது: ஆட்டிசப் பிள்ளைகளின் எரிச்சலுக்குத் தரும் ரிஸ்பெரிடோன் கழுத்தை இழுக்கவைக்கலாம், எடையைக் கூட்டலாம்.

பெரியதாழையிலிருந்து தூத்துக்குடி அரசு மருத்துவமனைக்குப் போய்வந்தால் ஒருநாள் தொழில் போய்விடும், ஒவ்வொன்றுக்கும் எப்படி ஓடுவது என்று பெற்றோர் கேட்பது நியாயம். ஆனால் 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வருகிறது. அவர்கள் பார்க்கவேண்டிய பட்டியலிலேயே வாதக் காய்ச்சல் இதயநோயும் காதுச் சீழும் சொத்தைப்பல்லும் வலிப்பும் இருக்கின்றன. உவரி அந்தோணியார் கோயிலில் நேர்ந்துகொள்வதை யாரும் தடுக்கவேண்டியதில்லை, பரிசோதனையும் நடக்கட்டும். எல்லாவற்றையும் கிருமியின் தலையில் கட்டுகிறோமோ என்ற தயக்கமும் சரியானதே. ஸ்ட்ரெப் தொற்றை ஒட்டித் திடீரென ஓசிடியோ டிக்ஸோ வருவதாக, 1998இல் அமெரிக்க மருத்துவர் சூசன் ஸ்வீடோ குழுவினர் 50 சிறாரை வைத்து விவரித்த 'பாண்டாஸ்' பற்றி மருத்துவர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். திடீரென ஓசிடி வந்த எல்லாருக்கும் ஆன்டிபயாடிக் கொடுப்பது தவறு. நான் கேட்பது அதுவல்ல. எப்போது தொடங்கியது, முன்பு காய்ச்சல் வந்ததா, தூக்கத்திலும் துள்ளுகிறதா, எந்த மருந்து மாறியது என்று கேட்டு, வாயையும் காதையும் வயிற்றையும் பார்த்து, நெஞ்சில் குழல் வைத்துக் கேட்கவேண்டும். பெற்றோர் அந்த அசைவைக் கைப்பேசியில் படம்பிடித்துக் கொண்டுபோவது பெரிய உதவி. வலிப்போ, மூச்சுத்திணறலோ, ரிஸ்பெரிடோன் போன்ற மருந்து சாப்பிடும் பிள்ளைக்குக் கடுங்காய்ச்சலோடு உடல் விறைப்போ வந்தால், பள்ளிக்கு வரும் குழுவுக்காகக் காத்திராமல் உடனே 108ஐ அழைக்கவேண்டும்.