ஆண்டுதோறும் காலியாகும் டிசைன் அறை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மே மாதம் என்றால் பட்டமளிப்பு. கறுப்பு அங்கியும் சதுரத் தொப்பியுமாக மாணவர்கள் படம் எடுத்துக்கொள்ளும் அதே வாரத்தில், வளாகத்து டிசைன் அலுவலகத்துக்கு வேறொரு கவலை. நூலகத்தின் கோடைக்கால நிகழ்ச்சிக்கான போஸ்டரைப் பாதி முடித்திருக்கும் மாணவி நாளை மறுநாள் ஊருக்குப் போகிறாள். மூல ஃபைல் எந்தக் கணினியில் இருக்கிறது? இரண்டாவது மாதிரியை நூலகர் ஏன் வேண்டாம் என்றார்? படத்தில் சிரிக்கும் அந்த இளைஞனிடம் அனுமதி வாங்கியாயிற்றா? எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

இந்த அலுவலகங்கள் வெளியே அதிகம் தெரிவதில்லை. துறைகள், விடுதிகள், நூலகம், உணவுக்கூடம், மருத்துவ மையம், விளையாட்டு அணிகள் என்று ஒரு பல்கலைக்கழகத்துக்குள் எத்தனையோ பிரிவுகள். அத்தனைக்கும் போஸ்டர், அழைப்பிதழ், கையேடு, இணையதளப் படம், வழிகாட்டிப் பலகை என்று ஏதாவது வேண்டியிருக்கிறது. நிரந்தர டிசைனர்கள் சிலரே. மீதி வேலையைச் செய்பவர்கள் படித்துக்கொண்டே பகுதிநேரமாக வரும் மாணவர்கள். அவர்களுக்கு டிசைன் உதவியாளர் என்று பெயர். வேலை கேட்டு வரும் துறைகளை 'கிளையன்ட்' என்றுதான் சொல்வார்கள், ஒரே வளாகத்துக்குள் இருந்தாலும்.

இப்படி மாணவரை வேலைக்கு வைப்பதற்குப் பின்னால் அரசுப் பணமும் உண்டு. வறுமைக்கு எதிரான திட்டங்களில் ஒன்றாக 1964-இல் வந்த பொருளாதார வாய்ப்புச் சட்டம், வசதி குறைந்த மாணவர் வளாகத்திலேயே வேலை பார்த்துச் சம்பாதிக்க வழி செய்தது. அத்தகைய மாணவரின் கூலியில் பொதுவாக 75 சதவீதம் வரை மத்திய அரசு ஏற்றுக்கொள்கிறது. வெளிநாட்டு மாணவருக்கு இந்த உதவி கிடையாது. ஆனால் மாணவர் விசாவில் வந்தவர், வகுப்புகள் நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். நம் ஊரிலிருந்து எம்.எஸ். படிக்கப் போகும் பிள்ளைகள் நூலகத்திலும் உணவுக்கூடத்திலும் கணினி அறையிலும் வேலை பார்ப்பது இந்த விதியின்படிதான். டிசைன் தெரிந்தவர் போஸ்டர் போடப் போகிறார்.

சிக்கல் நேரக்கணக்கில் இருக்கிறது. வாரம் பத்து, பதினைந்து மணி நேரம்தான் ஒருவர் வருவார். தேர்வு வாரத்தில் அதுவும் குறையும். திங்கள்கிழமை காலை ஒருவர் தொடங்கிய வேலையைப் புதன்கிழமை மாலை இன்னொருவர் தொட வேண்டியிருக்கும். இருவரும் நேரில் பார்த்துக்கொள்ளாமலே ஒரு செமஸ்டர் ஓடிவிடலாம். தொழில் பிடிபட்டு, கிளையன்டின் முகம் பார்த்தே அவர் மனதில் ஓடுவதைச் சொல்லும் அளவுக்குத் தேறும்போது பட்டம் வாங்கிப் போய்விடுவார். 'மூத்தவரிடம் கேட்டுக்கொள்' என்று சொல்லித் தள்ள முடியாத இடம் இது. மூத்தவர் போய்விட்டார். அவர் எழுதிவைத்ததுதான் மிச்சம்.

அந்த எழுத்து தொடங்குவது வேலைக் கோரிக்கைப் படிவத்தில். பார்த்தால் சாதாரண விண்ணப்பம் மாதிரிதான் இருக்கும்: என்ன வேண்டும், யார் பார்க்கப்போகிறார்கள், என்ன அளவு, எந்தத் தேதிக்கு. அனுபவப்பட்ட அலுவலகங்கள் இன்னும் இரண்டு கேள்விகளை விடாமல் கேட்கும். வாசகம் முடிவாகிவிட்டதா? கடைசி ஒப்புதல் யாருடையது? முதல் கேள்விக்குப் பதில் இல்லாமல் தொடங்கிய போஸ்டரில், அச்சுக்குப் போகும் நாளில் பேச்சாளரின் பெயர் மாறும். இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் விட்டால் பேராசிரியர் நீலம் என்பார், துறைச் செயலர் பச்சை என்பார், இரண்டையும் பார்க்காத டீன் கடைசி நாளில் வந்து லோகோவைப் பெரிதாக்கச் சொல்வார். பத்தொன்பது வயது மாணவியால் டீனிடம் முடியாது என்று சொல்ல இயலாது. 'இந்த வேலைக்கு ஒப்புதல் இன்னாருடையது' என்று படிவத்தில் எழுதியிருந்தால் அதை எடுத்துக் காட்டலாம். படிவம் அவளுக்குப் பாதுகாப்பு.

அடுத்தது ஃபைலின் பெயர். நம் ஊர் டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: ஃபைனல், ஃபைனல் 2, நிஜ ஃபைனல், அப்பா சொன்ன ஃபைனல். இதற்கு மருந்தாகப் பல அலுவலகங்கள் கையாள்வது, பெயரின் தொடக்கத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியைப் போடுவது. 1988-இல் சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு ஐ.எஸ்.ஓ. 8601 என்ற எண்ணில் வெளியிட்ட முறை இது. இப்படி எழுதினால் கணினி பெயர்களை அடுக்கும்போதே காலவரிசையும் தானாக வந்துவிடும். தேதிக்குப் பின் கிளையன்டின் பெயர், பிறகு வேலையின் பெயர், பிறகு எத்தனையாவது திருத்தம். அழகில்லைதான். ஆனால் மூன்று ஆண்டு கழித்துத் தேடுகிறவருக்குக் கிடைக்கும்.

ஃபைல் கிடைத்தாலும் போதாது. இன்டிசைன் போன்ற மென்பொருளில் செய்த பக்கத்தைத் திறந்தால் எழுத்துரு காணோம், படம் காணோம் என்று எச்சரிக்கை வரும். காரணம், படங்கள் அந்த ஃபைலுக்குள் இருப்பதில்லை. அவை இருக்கும் இடத்தின் முகவரியை மட்டும் அது வைத்திருக்கிறது. வேலையை விட்டுப் போனவருடைய மடிக்கணினியில் படம் இருந்தால் மடிக்கணினியோடு அதுவும் போயிற்று. அதனால் வேலையை மூடும்போது 'பேக்கேஜ்' செய்துவைக்க வேண்டும் என்பது விதி. எழுத்துரு, படம், மூலப் பக்கம் மூன்றும் ஒரே ஃபோல்டரில் சேர்ந்துவிடும். அச்சுக்குப் போகும் பக்கத்தைச் சுற்றி எட்டில் ஒரு பங்கு அங்குலம் 'பிளீட்', அதாவது வெட்டுக்கோட்டைத் தாண்டி நிறம் நீளும் ஓரம், விட வேண்டும் என்பதும் அதே பட்டியலில் இருக்கும். நம் அச்சகங்கள் கேட்கும் 3 மில்லிமீட்டரும் ஏறத்தாழ அதே அளவுதான்.

நிறம் தனிக் கதை. ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் சுட்ட ஆரஞ்சு நிறத்துக்கு பான்டோன் 159 என்று எண் உண்டு. இப்படி எண் வைத்து நிறத்தைச் சொல்லும் பான்டோன் முறை 1963-இல் வந்தது. புதிதாகச் சேரும் மாணவர் இணையதளத்தில் தெரியும் ஆரஞ்சை அப்படியே உறிஞ்சியெடுத்துப் போஸ்டரில் போடுவார். திரையில் பளிச்சென்று இருக்கும். அச்சில் மங்கி வேறு பல்கலைக்கழகத்து நிறமாகிவிடும். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, தாள் மையால் காட்டுகிறது என்ற பாடம் வகுப்பில் நடந்திருக்கும். அது மண்டையில் ஏறுவது ஐந்நூறு தாள் வீணான பிறகுதான்.

இப்போது இன்னொரு கட்டாயமும் சேர்ந்திருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களின் இணையப் பக்கங்கள் மாற்றுத் திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று 2024 ஏப்ரலில் அமெரிக்க நீதித் துறை விதி வெளியிட்டது. அது சுட்டும் தரத்தின்படி, சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். வெளிர் சாம்பல் எழுத்தை வெள்ளையில் தூவி நளினம் காட்டும் இளம் டிசைனர்களுக்கு இது இடி. படத்துக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும், அதையும் வேலைக் குறிப்போடு சேர்த்துவைக்க வேண்டும்.

மாணவர் மாறிக்கொண்டே இருப்பார்கள், வேலை தொடர வேண்டும் என்ற முடிச்சை ஒரு பாடத்திட்டமாகவே கட்டி அவிழ்த்துக் காட்டியது இந்தியானா மாநிலத்தின் பர்டூ பல்கலைக்கழகம். போஸ்டர் அல்ல, பொறியியல் வடிவமைப்பு. எட்வர்ட் காயில், லியா ஜேமிசன் என்ற இரு மின்னியல் பேராசிரியர்கள் 1995-இல் எபிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ஊரில் உள்ள தொண்டு நிறுவனங்கள்தான் கிளையன்ட். வீடற்றோருக்கு உதவும் அமைப்புகள் தங்களுக்குள் தகவல் பகிர்ந்துகொள்ள ஒரு தரவுத்தளம், உடல் குறைபாடுள்ள குழந்தைகள் தாமே இயக்கக்கூடிய விளையாட்டுப் பொருள் போன்றவை அவர்கள் எடுத்துக்கொண்ட வேலைகள். இப்படிப்பட்டவை ஒரு செமஸ்டரில் முடிவதில்லை. ஆண்டுகள் ஆகும்.

அதனால் அவர்கள் வழக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். குழு நிரந்தரம், அதில் உள்ளவர்கள் வந்துபோகிறவர்கள். முதலாண்டு மாணவரும் இறுதியாண்டு மாணவரும் ஒரே குழுவில். ஒருவர் அடுத்தடுத்த செமஸ்டர்களில் அதே குழுவில் தொடரலாம். இன்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவர் இரண்டு ஆண்டில் தலைமை ஏற்பார். ஒவ்வொருவரும் வடிவமைப்புக் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும், அதற்கும் மதிப்பெண். செமஸ்டர் முடியும்போது அடுத்த குழுவுக்கு ஒப்படைப்பு ஆவணம் எழுத வேண்டும். கருவியை ஒப்படைத்ததோடு வேலை முடிந்ததாகவும் கணக்கில்லை. பராமரிப்பு என்பதும் அவர்களின் வடிவமைப்புப் படிகளில் ஒன்று. அமெரிக்கத் தேசியப் பொறியியல் கழகம் 2005-இல் இத்திட்டத்தை நடத்தியவர்களுக்கு கோர்டன் பரிசு கொடுத்தது.

குறிப்பேட்டுக்கு மதிப்பெண் கொடுத்தது சிறிய காரியமாகத் தெரியலாம். இந்தக் கட்டுரை எழுதுபவரின் கணிப்பில் அந்தத் திட்டத்தின் உயிர்நாடியே அதுதான். 'நேரம் இருந்தால் எழுதிவை' என்று சொன்ன இடத்தில் எவரும் எழுதியதில்லை.

எழுதும்போது ஒரு இழுபறியும் வரும். டிசைன் மாணவருக்குப் போர்ட்ஃபோலியோ வேண்டும். செய்த வேலைகளைக் காட்டி வேலை தேட உதவும் தொகுப்பு அது. அதற்காக எழுதும் குறிப்பில் எல்லாம் நேர்கோட்டில் போகும்: சிக்கல் வந்தது, சிந்தித்தேன், தீர்த்தேன். அடுத்து வருகிறவருக்கு இந்தக் கதையால் பயனில்லை. அவருக்குத் தேவை, எது சரிப்படவில்லை என்ற செய்தி. கிளையன்ட் வட்ட வடிவத்தை இரண்டு முறை நிராகரித்தார், ஏனென்றால் பழைய லோகோவை நினைவுபடுத்துகிறது. அச்சகம் இந்தத் தாளை வரவழைக்க ஒரு வாரம் கேட்கிறது. இந்தத் துறைக்கு மின்னஞ்சல் போட்டுப் பயனில்லை, தொலைபேசியில் கூப்பிடு. இவை எந்தப் போர்ட்ஃபோலியோவிலும் இடம்பெறாத வரிகள். நல்ல மேற்பார்வையாளர் இரண்டையும் தனித்தனியாக எழுதச் சொல்வார். ஒன்றை எழுதி மற்றதற்கும் அதையே ஒட்டினால் இரண்டும் கெடும். தவிர, ஊழியராக இருந்து செய்த வேலையின் காப்புரிமை 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலை கொடுத்தவருக்கே. எதை வெளியே காட்டலாம் என்பதையும் சேரும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது.

மாணவருக்கும் கிளையன்டுக்கும் நடந்த பேரத்தில் புகழ்பெற்றது 1971-இல் போர்ட்லாந்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அங்கே கணக்கியல் சொல்லிக்கொடுத்த ஃபில் நைட், தன் காலணிக் கம்பெனிக்கு ஒரு சின்னம் வரையும்படி கரோலின் டேவிட்சன் என்ற டிசைன் மாணவியைக் கேட்டார். மணிக்கு 2 டாலர் கூலி. அவர் கொடுத்த பில் 35 டாலர். வகுத்துப் பார்த்தால் பதினேழரை மணி நேரம். அந்தச் சின்னம்தான் இன்று எல்லோர் காலிலும் இருக்கும் நைக்கியின் வளைகோடு. 1983-இல் கம்பெனி அவருக்கு மோதிரமும் பங்குகளும் கொடுத்துக் கடனைத் தீர்த்துக்கொண்டது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் தொகை வரை சுத்தமாகச் சொல்ல முடிகிறதென்றால், மணிக்கணக்கு வைத்துப் பில் போட்டதால்தான்.

இனி, புதியவரைச் சேர்ப்பது. ஆகஸ்ட் கடைசியில் வகுப்புகள் தொடங்கும்போது புது உதவியாளர்கள் வருவார்கள். அறுபது பக்கக் கையேட்டைக் கையில் கொடுத்து 'படித்துவிட்டு வா' என்பது பழைய முறை. யாரும் படிப்பதில்லை. இப்போது பலரும் செய்வது, முடிந்துபோன ஒரு பழைய வேலையைப் படிவத்திலிருந்து அச்சு வரை மறுபடி செய்யச் சொல்வது. வழியில் கையேடு எங்கே புரியவில்லையோ அங்கே திருத்தி எழுதுவதும் புதியவரின் வேலை. பழகியவர் கண்ணுக்கு அந்த ஓட்டை தெரியாது. ஃபோல்டருக்குள் நுழைய அனுமதி யாரிடம் கேட்பது என்பதைக் கையேடு சொல்லவில்லை என்று முதல் நாள் வந்தவர்தான் கண்டுபிடிப்பார்.

இந்தியாவிலும் இதற்கு ஒரு மரபு உண்டு. 1961-இல் அகமதாபாத்தில் தொடங்கிய தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், மாணவர் கடைசியாகச் செய்யும் டிப்ளமோ வேலை பெரும்பாலும் ஒரு வெளிநிறுவனத்துக்கானதாக இருக்கும். அது எப்படி நடந்தது என்று புத்தகமாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். அவை நிறுவன நூலகத்தில் சேர்கின்றன. பின்னால் வருகிற மாணவர் அதே துறையில் இறங்கும்போது முன்னவர் எங்கே முட்டிக்கொண்டார் என்று எடுத்துப் பார்க்கலாம். நம் பொறியியல் கல்லூரிகளில் பைண்டு செய்து அடுக்கிய புராஜெக்ட் ரிப்போர்ட்டுகளும் இப்படி உதவக்கூடியவைதாம். அவற்றை எத்தனை பேர் திறந்து பார்த்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

எழுதும் நேரத்துக்குக் கூலி உண்டா என்பதில்தான் அலுவலகங்கள் வேறுபடுகின்றன. கிளையன்ட் வேலை வரிசையில் நிற்கும்போது குறிப்பெழுதும் மாணவர் சும்மா இருப்பதாகத் தெரியும். அதனால் அது கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகும். கடைசி வாரத்திலோ தேர்வு. இதை உணர்ந்த மேற்பார்வையாளர்கள் ஏப்ரல் நடுவிலேயே புதிய கோரிக்கைகளை நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு வாரத்துக்குப் பழைய ஃபைல்களை மூடுவதும் ஒப்படைப்புக் குறிப்பு எழுதுவதும் மட்டுமே வேலை, அதற்கும் அதே மணிக்கூலி. அந்த நாட்களில் அவசரமாகப் போஸ்டர் கேட்டு வரும் துறைகளுக்கு, பழைய வார்ப்புருவைக் கொடுத்து எழுத்தை மட்டும் நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுகிறார்கள்.