தோல்வழி புகும் நஞ்சு

மலேசியாவின் கெடா மாநிலத்தின் சுங்கைப்பட்டாணி, கூலிம், பாலிங் வட்டாரங்களில், முதலில் ரப்பர்த் தோட்டங்களிலும் பின்னர் செம்பனைத் தோட்டங்களிலும், 'மருந்து அடித்தல்' எனத் தோட்ட மக்கள் அழைக்கும் களைக்கொல்லி தெளிப்பு, நெடுங்காலம் பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் வேலையாக இருந்தது. அவர்கள் முதுகில் சுமந்த தோம்புகளில் பல ஆண்டுகள் இடம்பெற்றது பாராகுவாட். 1962-இல் சந்தைக்கு வந்த இக்களைக்கொல்லி, இலையின் ஒளிச்சேர்க்கையைக் குலைத்து, உயிரணுக்களைச் சிதைக்கும் வீரியமிக்க ஆக்சிசன் வடிவங்களைத் தோற்றுவிக்கிறது. மனித உடலில் மிகுதியாகப் புகும்போதும் அதே சிதைவே நிகழ்கிறது; நுரையீரல் திசு இப்பொருளைத் தன்னுள் ஈர்த்துச் சேர்த்துக்கொள்வதால், அத்திசு தழும்பேறி இறுகி, மூச்சுத்திணறலில் உயிர் பிரியலாம். இதற்கு முறிவு மருந்து இல்லை.

பாராகுவாட்டைக் குடித்து இறந்தவர்களைப் பற்றியே அதிகம் பேசப்பட்டது. தெளிப்பவரின் தோலோ அவ்வளவு கவனம் பெறவில்லை. நலமான தோல் இந்நஞ்சைச் சிறிதளவே உள்ளே விடும் என்பது உண்மைதான். ஆயினும் முட்கீறலும் கொப்புளமும் உள்ள தோலில், ஒழுகும் தோம்பின் கசிவு ஊறிய சட்டை பல மணி நேரம் ஒட்டிக்கிடந்தால் அத்தடுப்பு நிலைக்காது. நகம் நிறம் மாறி உதிர்வதும், தெளிதுளிபட்டு மூக்கில் இரத்தம் வடிவதும், கண் எரிவதும் இத்தொழிலில் அறியப்பட்ட பாதிப்புகள். வெப்பமண்டல வெயிலில் முகக்கவசமும் நீள்கையுறையும் அணிந்து நாள் முழுதும் உழைப்பது எளிதன்று. ஆகவே கவசம் அணியாததைத் தொழிலாளியின் அலட்சியமாகக் கருதுவது நியாயமாகாது.

தெளிப்பாளர்களின் உடல்நலம் குறித்து, மலேசியத் தொண்டு நிறுவனமான தெனாகானித்தா ஓர் ஆய்வறிக்கையை 2002-இல் வெளியிட்டது. அதே ஆண்டு மலேசிய அரசு பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்க முடிவெடுத்தது. 2006-இல் அம்முடிவு தளர்த்தப்பட்டது. முழுத் தடை 2020 சனவரி 1-இல்தான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளின் விலையைச் செலுத்தியவை தெளிப்பவர்களின் உடல்களே.

தடைக்குப் பின்னும் கிளைபோசேட், குளுஃபோசினேட் போன்ற களைக்கொல்லிகள் அதே தோம்பில் நிரப்பப்படுகின்றன. இவற்றின் பாதிப்பை இரத்தச் சோதனையில் கண்டறிவதும் எளிதன்று. நரம்புச் செய்தியை முடித்துவைக்கும் கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியின் அளவை இரத்தத்தில் பார்க்கும் சோதனை, அந்நொதியை முடக்கும் ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட் பூச்சிக்கொல்லிகளுக்கே பொருந்தும். களைக்கொல்லியின் பாதிப்பை அது காட்டாது. இன்று மருந்து அடிப்போரில் பலர் வெளிநாட்டிலிருந்து வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களாக இருக்க, ஊர் திரும்பியபின் தலைகாட்டும் அவர்களின் நோய் எந்தத் தோட்ட மருந்தகப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.