பெண் குதிரை திடீரென்று முரண்டு பிடித்தால்

ஈப்போ குதிரைப் பந்தயத் திடலில் வேலை இருட்டோடு தொடங்கிவிடும். வெயில் ஏறிய பிறகு இந்த ஊர்ப் புழுக்கத்தில் குதிரையை விரட்டி ஓட்ட முடியாது. இந்தத் திடலை நடத்தும் பேராக் டர்ஃப் கிளப் 1886ஆம் ஆண்டு தொடங்கியது. மலாயாவின் பந்தய லாயங்களில் குதிரைக்குத் தண்ணீர் காட்டி, உடம்பு தேய்த்து, நடக்கவிட்டுப் பழக்கியவர்களில் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பழகிப்போன சங்கடம் ஒன்று உண்டு. நேற்றுவரை குழந்தைபோல் நின்ற பெண் குதிரை, இன்று சேணத்தைக் கண்டதும் காதுகளைப் பின்னுக்கு மடக்கும்; வயிற்றுவாரை இறுக்கினால் கடிக்க வரும்; பக்கத்துக் குதிரையை உதைக்கும்; ஓடச் சொன்னால் நின்றுவிடும். பார்ப்பவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்: “அதுக்குக் கொழுப்பு ஏறிடுச்சு.”

அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. குதிரை திட்டம் போட்டு வம்பு செய்யும் பிராணி அல்ல. குணம் திடீரென்று மாறினால் உடம்பில் ஏதோ மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் அறிவுடைமை.

முதலில் எல்லோரும் சந்தேகிப்பது பருவத்தை. ரப்பர் தோட்டத்து லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகை வைத்திருந்த குடும்பங்களுக்கு இதைப் புரியவைக்கச் சிரமம் இல்லை. பசு ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து கத்தும். குதிரையின் சுழற்சியும் 21, 22 நாள்தான். ஆனால் பசுவின் பருவம் ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். பெண் குதிரைக்கு அது ஐந்து முதல் ஏழு நாள் நீளும். அந்த நாள்களில் வாலைத் தூக்கி நிற்கும், அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் கழிக்கும், கீச்சென்று கத்தும், கவனம் சிதறும். சினைமுட்டை வெளிவரும் முன் அதன் நீர்ப்பை 35 முதல் 45 மில்லிமீட்டர் வரை, சிலவற்றில் இன்னும் பெரிதாகவும், வளர்ந்துவிடும். அந்த நேரத்தில் சில குதிரைகளுக்கு வயிற்றுவலியும் வருவதுண்டு.

குளிர்நாடுகளில் பெண் குதிரைக்குக் குளிர்காலம் ஓய்வுக்காலம். பகல் சுருங்கும்போது இரவில் சுரக்கும் மெலடோனின் சினைப்பைகளை உறங்கவைத்துவிடும்; வசந்தத்தில் பகல் நீள நீள அவை விழித்துக்கொள்ளும். இங்கிலாந்தில் கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் எட்டு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. ஈப்போ நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகைக்குள் இருப்பதால், இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அரை மணி நேரம்தான். அதனால் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க, ஆண்டு முழுவதும் பருவத்துக்கு வரும் குதிரைகள் அதிகம். நம் பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பிறந்தவை. அங்கே சில மாதங்களாவது ஓய்ந்திருந்த உடம்பு இங்கே வந்தபின் ஓய்வே இல்லாமல் சுழலக்கூடும்.

ஆனால் பருவத்தின் மேல் பழி போடுவதும் சுலபம். வாலைத் தூக்கிச் சிறுநீர் விடும் குதிரை எல்லாம் பருவத்தில் இருப்பதில்லை. பயந்த, அடங்கிப்போன இளம் பெண் குதிரையும் அதையே செய்யும். அதைப் பருவம் என்று நினைத்து மருந்து கொடுப்பவர்கள் உண்டு. அதற்குத் தேவை மருந்து அல்ல, பயம் தெளிவது. பருவத்தையும் மற்றக் காரணங்களையும் பிரித்துக் காட்டும் மலிவான கருவி ஒரு குறிப்பேடு. குதிரை எந்தத் தேதியில் முரண்டியது, எப்போது, யார் கையில், என்ன செய்யும்போது என்று இரண்டு மூன்று மாதம் எழுதிவைத்தால் போதும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வந்தால் பருவம். தேதியில் ஒழுங்கே இல்லாமல், சேணம் போடும்போதோ ஒரு பக்கம் திரும்பும்போதோ மட்டும் வந்தால் வலி.

வலி என்று சொன்னேன். இதில்தான் குதிரைகள் அதிகமாக அநியாயத்துக்கு ஆளாகின்றன. குதிரையின் இரைப்பை, தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓயாமல் அமிலம் சுரக்கும். நாள் முழுக்க மேயும் பிராணிக்கு ஏற்ற அமைப்பு அது. இரைப்பையின் மேல்பகுதிக்கு அமிலத்தைத் தாங்கும் சளிப்படலம் கிடையாது. வேகமாக ஓடும்போது வயிறு இறுகி அமிலம் அந்தப் பகுதிக்கு ஏறும். லாயத்தில் அடைத்து, தானியத்தை அதிகமாகவும் புல்லைக் குறைவாகவும் போட்டு, வெறும் வயிற்றில் ஓட்டினால் புண் வராமல் என்ன செய்யும்? பயிற்சியில் உள்ள பந்தயக் குதிரைகளை மூன்று மீட்டர் நீள உள்நோக்குக் குழாய் விட்டுப் பார்த்த ஆய்வுகளில், பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றுக்கு இரைப்பைப் புண் இருந்தது. வயிற்றுவாரை இறுக்கும்போது கடிக்க வரும் குதிரையை அடிப்பதற்கு முன் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒமெப்ரசோல் மருந்தால் இது பெரும்பாலும் ஆறும். ஓட்டுவதற்கு முன் கொஞ்சம் புல் கொடுத்தால், அது அமிலத்தின் மேல் பாய் விரித்ததுபோல் மிதந்து காக்கும்.

பொருந்தாத சேணம், கூர்மையாக வளர்ந்த கடைவாய்ப்பல், குளம்பில் சீழ், முதுகுப் பிடிப்பு, சிறுநீர்ப் பாதைத் தொற்று என்று வலிக்கு இடங்கள் பல. பிரிட்டிஷ் கால்நடை மருத்துவர் சூ டைசன், ஆள் ஏறியிருக்கும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டார்: காது மடக்குவது, வாலைச் சுழற்றுவது, வாயைத் திறப்பது, கண்ணின் வெள்ளை தெரிவது என்று. அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால், எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு மிக அதிகம். நம் ஊரில் ‘கோணல் புத்தி’ என்று ஒதுக்கப்படுவதில் பாதி அந்தப் பட்டியலில் இருக்கிறது.

வெப்பநாட்டுக்கே உரிய இன்னொரு காரணம் வியர்வை நின்றுபோவது. கடுமையாக ஓடும் குதிரை மணிக்குப் பத்து லிட்டருக்கு மேல்கூட வியர்க்கும். குளிர்நாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு இந்தப் புழுக்கத்தில் வியர்வைச் சுரப்பிகள் மெல்ல மெல்ல வேலைநிறுத்தம் செய்துவிடும். தோல் காய்ந்து செதிலாகும், மூக்குத் துவாரம் விரிந்து மூச்சு இறைக்கும், ஓட மறுக்கும். சோம்பேறித்தனம் என்று அதை விரட்டுவது உயிருக்கே ஆபத்து. நிழல், மின்விசிறி, குளிர்ந்த நீர், விடியற்காலை வேலை ஆகியவைதான் முதலுதவி.

பெண் குதிரை ஆண் குதிரையைப்போல் மற்ற பெண் குதிரைகளை அதட்டி விரட்டத் தொடங்கினால், அல்லது பருவக் குறிகள் நிற்காமல் தொடர்ந்தால், சினைப்பைக் கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். பெண் குதிரையின் சினைப்பையில் மிக அதிகமாகக் காணப்படும் கட்டி ஹார்மோன்களைச் சுரக்கும் வகை. ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் காட்டிக்கொடுத்துவிடும். அது பெரும்பாலும் பரவாது. அறுவை செய்து எடுத்தால் பழைய குணம் திரும்பிவிடும்.

காய்ச்சலோடு குணம் மாறினால் கதை வேறு. 1994ஆம் ஆண்டு பிரிஸ்பேனின் ஹெண்ட்ரா பகுதியில் கர்ப்பமாக இருந்த ஒரு பெண் குதிரை நோயுற்றது. தொடர்ந்து ஒரு டசனுக்கும் மேற்பட்ட குதிரைகளும், அவற்றைப் பார்த்துக்கொண்ட பயிற்சியாளரும் இறந்தார்கள். பழந்தின்னி வௌவாலிடமிருந்து வந்த ஹெண்ட்ரா வைரஸ் அது. அதன் நெருங்கிய உறவான நிப்பா 1998இல் ஈப்போ இருக்கும் கிந்தா மாவட்டத்துப் பன்றிப் பண்ணைகளிலிருந்துதான் கிளம்பியது. மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்றது. அப்போது குதிரைகளிலும் தொற்றின் தடயம் கிடைத்தது. இது அரிது. ஆனால் காய்ச்சலும் தள்ளாட்டமும் சேர்ந்து தெரியும் குதிரையின் வாயில் கையுறை இல்லாமல் கை விடாதீர்கள். அதைத் தனியே கட்டிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

பருவம்தான் காரணம் என்று உறுதியானால், அல்ட்ரெனோஜெஸ்ட் என்ற வாய்வழி மருந்து இரண்டு மூன்று நாளில் பருவத்தை அடக்கிவிடும். கையுறை போடாமல் அதைத் தொடக் கூடாது. தோல் வழியே உடம்புக்குள் போகும். கர்ப்பிணிகள் கிட்டே போகவே கூடாது. அந்த மருந்துக்குப் பொதுவாகவே அமைதிப்படுத்தும் தன்மை உண்டு என்பதால், குதிரை அடங்கிவிட்டது என்பதை வைத்துச் சினைப்பைதான் குற்றவாளி என்று முடிவு கட்டவும் முடியாது. கருப்பைக்குள் கண்ணாடிக் கோலி வைக்கும் வழக்கம் ஒருகாலத்தில் பரவியிருந்தது; பாதிக் குதிரைகளுக்குக்கூடப் பலிக்கவில்லை, உள்ளே உடைந்ததும் உண்டு. அதை விட்டொழிப்பதே நல்லது. சினைப்பைகளை எடுத்துவிட்டாலும் சில குதிரைகள் அட்ரீனல் சுரப்பியின் தயவில் பருவக் குறிகளைக் காட்டிக்கொண்டே இருக்கும்.

காரணம் தெரியும் வரை குதிரையைக் கையாளத்தானே வேண்டும். அதற்கு நேர் பின்னால் நிற்காதீர்கள்; அங்கே அதற்குக் கண் தெரியாது. குரல் கொடுத்துத் தோள் பக்கமாக அணுகுங்கள். ஒரே ஆள், ஒரே நேரம், குறைந்த வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். தலைக்கவசம் கட்டாயம். உதைக்கும் குதிரையின் வாலில் சிவப்புத் துணி கட்டினால் பின்னால் வருபவர்கள் விலகிப் போவார்கள். செய்த தவறுக்குப் பல நொடி கழித்து விழும் அடியை அந்தத் தவறோடு குதிரையால் சேர்த்துப் பார்க்க முடியாது. அடித்த ஆளைத்தான் நினைவில் வைத்துக்கொள்ளும்.

சிங்கப்பூரில் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5 அன்று ஓடி முடிந்தது. இந்த வட்டாரத்தில் பந்தயம் சுருங்கச் சுருங்க, ஓய்வுபெற்ற பெண் குதிரைகள் குதிரையேற்றப் பள்ளிகளுக்கும் தனியாருக்கும் கை மாறுகின்றன. வாங்குபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: குதிரையோடு அதன் லாயக் குறிப்பேட்டையும், அதைப் பார்த்துக்கொண்டவரின் தொலைபேசி எண்ணையும் கேட்டு வாங்குங்கள். குறிப்பேடு இல்லை என்றால் வந்த நாளிலிருந்து நீங்களே எழுதத் தொடங்குங்கள். குதிரை முரண்டு பிடிக்கும் நாளில், விற்றவரைத் தேடும் முன் குறிப்பேட்டோடு அதைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.