உயிரின் எழுத்து – 14: ஐந்தாம் எழுத்து

புத்தளத்துத் தில்லையடியில் ஒரு பிள்ளை வெளிறிப்போனால், வளர்த்தி போதாவிட்டால், ஓடி விளையாடிவிட்டு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் இளைத்தால் தாய்மார் சொல்வது ஒன்றுதான்: "பிள்ளைக்கு ரத்தம் காணாது." பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவுதான் காரணம். குளிசை, கீரை, மீன், ஈரல் என்று கொடுத்தால் சில மாதங்களில் சீராகிவிடும். ஆனால் சில பிள்ளைகளுக்கு எத்தனை போத்தல் இரும்புப் பாணி கொடுத்தாலும் ரத்தம் ஏறாது. அவர்களில் ஒரு பகுதியினரின் உடலில் இரும்பு குறையவே இல்லை. இரும்பைத் தாங்கும் புரதம்தான் குறைந்திருக்கிறது.

தலசீமியா என்ற பெயரை எங்கள் பக்கத்தில் பலர் குருநாகல் பெரியாஸ்பத்திரியோடு சேர்த்தே கேள்விப்பட்டிருப்பார்கள். புத்தளத்திலிருந்து ஏ10 வீதியில் நிக்கவெரட்டிய, வாரியபொல தாண்டிப் போனால் வரும் அந்த நகரில்தான் தேசிய தலசீமியா மையம் இருக்கிறது. மாதம் தவறாமல் அங்கே பிள்ளையைக் கொண்டுபோய் ரத்தம் ஏற்றிக்கொண்டு வரும் குடும்பங்களுக்கு நோயின் பெயர் தெரியும். அந்த நோய் கலத்துக்குள் எப்படி உண்டாகிறது என்பதைத் தமிழில் நிதானமாகச் சொன்னவர்கள் குறைவு. இந்த வாரம் அதற்காக ஒதுக்கப்பட்டது.

ஒரு செங்குழியத்துக்குள் ஏறத்தாழ 27 கோடி ஈமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன. ஒவ்வொரு மூலக்கூறும் நான்கு சங்கிலிகளால் ஆனது: இரண்டு அல்பா, இரண்டு பீற்றா. அல்பாவில் 141 அமினோ அமிலங்கள், பீற்றாவில் 146. ஒவ்வொரு சங்கிலியின் மடிப்புக்குள்ளும் ஓர் இரும்பு அணு உட்கார்ந்திருக்கிறது. நுரையீரலில் ஒட்சிசன் ஏறுவதும், தசைகளில் இறங்குவதும் அந்த அணுவில்தான். இந்த அமைப்பைக் கண்டுபிடிக்க மக்ஸ் பெரூட்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1962இல் நோபல் பரிசு கிடைத்தது.

அல்பா சங்கிலிக்கான மரபணு 16ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பீற்றாவுக்கானது 11ஆம் நிறமூர்த்தத்தில். இப்படித் தள்ளித் தள்ளி இருக்கும் இரண்டு இடங்களிலிருந்தும் வரும் சங்கிலிகள் ஏறக்குறைய சம அளவில் வந்து சேர வேண்டும். முதிர்ந்த செங்குழியத்துக்குக் கரு கிடையாது. எலும்பு மச்சையை விட்டு வெளியேறுமுன் அது தன் கருவைத் தள்ளிவிடுகிறது. மரபணு இல்லாமல் 120 நாள் வாழப்போகும் கலம் அது. ஆகவே தனக்கு வேண்டிய ஈமோகுளோபினில் பெரும்பகுதியை மச்சையில் இருக்கும் சில நாட்களுக்குள்ளேயே செய்து முடித்தாக வேண்டும். உடல் இப்படி ஒவ்வொரு நொடியும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட செங்குழியங்களைச் செய்து அனுப்புகிறது. அந்த வேகத்தில் ஒரு பக்கத்துச் சங்கிலி தட்டுப்பாடானால் என்ன ஆகும் என்பதுதான் தலசீமியாவின் கதை.

மரபணுவிலிருந்து புரதம் வரும் வழியை முந்திய வாரங்களில் பார்த்தோம். டீ.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. என்ற பிரதி எடுக்கப்படுகிறது. அதை ரைபோசோம் மூன்று மூன்று எழுத்தாக வாசித்து அமினோ அமிலங்களைக் கோக்கிறது. (சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டது ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காகத்தான்.) பிரதிக்கும் ரைபோசோமுக்கும் இடையில் இன்னொரு வேலை நடக்கிறது. இலங்கையில் பீற்றா தலசீமியா பெரும்பாலும் பிடிப்பது அந்த இடத்தில்தான்.

பீற்றா மரபணு சுமார் 1600 எழுத்து நீளமானது. 146 அமினோ அமிலங்களுக்குத் தேவைப்படுபவை 438 எழுத்துகள். மிச்சத்தில் பெரும்பகுதி இரண்டு இடைத்துண்டுகள்: முதலாவது 130 எழுத்து, இரண்டாவது 850. பிரதி எடுக்கும்போது இவையும் சேர்ந்தே வந்துவிடும். ரைபோசோமிடம் போகுமுன் இவற்றை வெட்டி நீக்கி, எஞ்சிய மூன்று துண்டுகளையும் ஓர் எழுத்தும் பிசகாமல் ஒட்ட வேண்டும். எங்கே வெட்டுவது? தையற்காரர் துணியில் போட்ட சோக்கட்டிக் கோட்டைப் பார்த்துக் கத்தரி வைப்பதைப் போல, இடைத்துண்டு தொடங்கும் இடத்தில் உள்ள சில எழுத்துகளைப் பார்த்தே கலம் வெட்டுகிறது.

முதலாம் இடைத்துண்டின் ஐந்தாம் எழுத்து ஜி. அது சி ஆக மாறிவிட்டால் கோடு மங்கிப்போகிறது. பிரதிகளில் பெரும்பாலானவை பக்கத்தில் வேறெங்கோ வெட்டுப்பட்டு வீணாகின்றன. சில மட்டும் சரியாக வெட்டுப்படுவதால் கொஞ்சம் பீற்றா கிடைக்கிறது. அதே இடைத்துண்டின் முதலாம் எழுத்தான ஜி, ஏ ஆக மாறினால் கோடே அழிந்துவிடும். பீற்றா துளியும் கிடைக்காது. இலங்கையில் மிக அதிகம் காணப்படும் பீற்றா தலசீமியா மாற்றங்கள் இவை இரண்டும். ஐந்தாம் எழுத்தில் நேரும் மாற்றம் இந்தியாவிலும் மிகப் பரவலானது.

இதில் என்னை எப்போதும் நிறுத்தி யோசிக்கவைக்கும் விடயம் ஒன்று உண்டு. மாறிய அந்த எழுத்து எந்த அமினோ அமிலத்தையும் குறிப்பதில்லை. வெட்டி எறியப்படும் துண்டில் இருக்கும் எழுத்து அது. புரதத்தில் அதற்கு இடமே இல்லை. ஆயினும் ஒரு பிள்ளையின் வாழ்க்கை முழுவதையும் அது தீர்மானிக்கிறது. புரதத்துக்கான எழுத்துகள் மட்டுமே முக்கியம், மற்றதெல்லாம் வெறும் நிரப்பு என்று எண்ணுவோருக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை.

இன்னொரு மாற்றமும் இந்தத் தீவில் உண்டு: ஈமோகுளோபின் ஈ. தென்கிழக்காசியாவில் மிகப் பரவலாகக் காணப்படுவது. பீற்றாவின் 26ஆம் அமினோ அமிலத்தைக் குறிக்கும் ஜிஏஜி என்ற மூன்றெழுத்து ஏஏஜி ஆகி, குளூட்டமிக் அமிலத்தின் இடத்தில் லைசின் வந்து உட்காருகிறது. அந்த மாற்றம் போலியான ஒரு வெட்டுக்கோட்டையும் எழுப்பிவிடுவதால் பீற்றாவின் அளவும் குறைகிறது. தனியே இது பெரிய தீங்கு செய்யாது. ஒரு பெற்றோரிடமிருந்து இதுவும் மற்றவரிடமிருந்து பீற்றா தலசீமியாவும் வந்து சேர்ந்தால் நோய்.

பீற்றா குறைந்தால் ஈமோகுளோபின் குறையும் என்பது விளங்குகிறது. உண்மையான சேதத்தைச் செய்வது துணையில்லாமல் மிஞ்சிப்போகும் அல்பா. அவை கரையாமல் திரண்டு, வளரும் செங்குழியத்தை மச்சைக்குள்ளேயே கொன்றுவிடுகின்றன. உடல் குறையைச் சரிக்கட்ட மேலும் மேலும் மச்சையைப் பெருக்குகிறது. முகத்து எலும்பு தடிக்கிறது, மண்ணீரல் வீங்குகிறது, ரத்தம் மட்டும் ஏறுவதில்லை. அல்பா மரபணுவிலும் குறை உள்ள ஒரு பிள்ளைக்கு நோய் சற்றுத் தணிவாக இருப்பதும் இதனால்தான்: அங்கே மிஞ்சுவதற்கு அவ்வளவு அல்பா இல்லை.

பிறந்தவுடன் இந்தப் பிள்ளைகளிடம் குறையொன்றும் தெரியாது. கருவில் இருக்கும்போது பீற்றாவுக்குப் பதில் காமா என்ற வேறொரு சங்கிலி வேலை செய்கிறது. பிறந்தபின் காமா மரபணு மெல்ல மெல்ல அடங்கி, பீற்றா பொறுப்பேற்கிறது. ஆறு மாதம் தாண்டும்போதுதான் பிள்ளை வெளிறத் தொடங்கும்.

சங்கிலிகளின் இந்தச் சமமின்மையை அளந்து காட்டியவர் டேவிட் வெதரோல். 1950களின் இறுதியில் கட்டாய இராணுவ சேவைக்காகச் சிங்கப்பூர் வந்த இளம் பிரித்தானிய டொக்டர் அவர். கூர்க்கா படைவீரர் ஒருவரின் சின்ன மகள் ரத்தம் ஏற்றி ஏற்றியே உயிரோடிருந்தாள். என்ன நோய் என்று யாருக்கும் தெரியவில்லை. கார் பற்றரிகளையும் வடிதாளையும் வைத்து மின்னோட்டம் பாய்ச்சி அவளுடைய ஈமோகுளோபினைப் பிரித்துப் பார்த்த வெதரோல், தலசீமியா என்று கண்டார். 1965இல் ஜோன் கிளெக்குடன் சேர்ந்து அல்பா, பீற்றா சங்கிலிகளின் உற்பத்தியை அளந்தார். பிற்காலத்தில் அவருடைய பணியில் பெரும்பங்கு இலங்கையில், குருநாகலில் நடந்தது. ஷாந்திமாலா டி சில்வா, அனுஜ பிரேமவர்தன, வெதரோல் முதலியோர் 2000ஆம் ஆண்டில் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு, இந்தச் சிறிய நாட்டிலேயே 23 வகையான பீற்றா தலசீமியா மாற்றங்களைக் கண்டது. எந்தக் காலத்திலும் 2000க்கும் அதிகமான நோயாளருக்குச் சிகிச்சை வேண்டியிருக்கும் என்றும் கணித்தது.

ஏன் இவ்வளவு பேர்? விடை எங்கள் மண்ணிலேயே இருக்கிறது. 1934இல் மழை பொய்த்து, தெதுரு ஓயாவும் மகா ஓயாவும் குட்டை குட்டையாகத் தேங்கின. அந்தக் குட்டைகளில் பெருகிய நுளம்பு கொண்டுவந்த மலேரியா அடுத்த சில மாதங்களில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோனது. குருநாகலும் கேகாலையும் மிக மோசமாக அடிபட்டன. தீவின் உலர்வலயமோ நூற்றாண்டுகளாகவே மலேரியாவின் வசிப்பிடம். மத்தியதரைக் கடலோரத்தில் தலசீமியாவும் மலேரியாவும் ஒரே ஊர்களில் இருப்பதைக் கண்ட ஜே.பி.எஸ். ஹால்டேன், தலசீமியா மரபணுவில் ஒன்றை மட்டும் கொண்டவர்களை மலேரியா எளிதில் கொல்வதில்லை போலும் என்று 1949இல் எழுதினார். பிந்திய ஆய்வுகள் அந்தக் கருத்தை உறுதிப்படுத்தின. (ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்கே வந்து குடியேறி, 1964இல் புவனேஸ்வரில் காலமானார்.) காய்ச்சலில் சாகாமல் தப்பியவர்கள் அந்த மரபணுவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. காவல் காத்த மரபணுவுக்கு இப்போது காக்க ஒன்றுமில்லை; தீங்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆகையால் இதைக் குடும்பச் சாபம் என்றோ, பெண்வழி வந்த குறை என்றோ யாரும் பேசக்கூடாது. நம் முன்னோர் உயிர்தப்பியதன் தடம் அது.

ஒரு மரபணு மட்டும் மாறியவர் நோயாளி அல்ல, காவி. அவருக்குச் செங்குழியங்கள் சற்றுச் சிறிதாக இருக்கும். எஃப்.பி.சி. என்ற ரத்தச் சோதனைத் துண்டில் அந்தப் பருமனைக் குறிக்கும் எம்.சி.வி. என்ற எண் 80க்குக் கீழே காட்டும். இரும்புக் குறைவிலும் இதே தோற்றம் வருவதால், இரும்பு போதிய அளவு இருக்கும் காவிகள் பலர் வருடக்கணக்கில் வீணாக இரும்புக் குளிசை விழுங்குகிறார்கள். இரத்தத்தில் இரும்பின் இருப்பையும், எச்.பி.எல்.சி. சோதனையில் ஈமோகுளோபின் வகைகளையும் பார்த்தால் விடயம் தெளிவாகிவிடும்.

இரண்டு காவிகள் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளை நோயோடு பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்கள் தில்லையடியிலும் சுற்றுவட்டத்திலும் குடியேறினார்கள். சிதறிப்போன சொந்தத்தைக் கட்டிச் சேர்த்ததில் உறவுக்குள் நடந்த கலியாணங்களுக்கும் பங்குண்டு. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. கணக்கை மட்டும் பாருங்கள்: ஒரு மூத்தம்மா காவி என்றால் அவருடைய மகன்வழிப் பேரன் காவியாக இருக்க நாலில் ஒரு வாய்ப்பு, மகள்வழிப் பேத்திக்கும் அப்படியே. இருவரும் காவிகளாக இருக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. இதைச் சிறியது என்று தள்ளிவிட முடியாது.

நோயோடு பிறந்த பிள்ளைக்கு மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஒரு பை ரத்தத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு வருகிறது. மேலதிக இரும்பை வெளியேற்றும் வழி உடலுக்குக் கிடையாது. அது இதயத்திலும் ஈரலிலும் படிகிறது. அதை வெளியேற்ற இரவிரவாகத் தோலின் கீழ் ஊசி, அல்லது தினமும் குளிசை. அடங்கிப்போன காமா மரபணுவை மீண்டும் எழுப்பும் மரபணுத் திருத்தச் சிகிச்சை 2023 நவம்பரில் பிரித்தானியாவில் அனுமதி பெற்றது. அமெரிக்காவில் அதன் விலை 22 இலட்சம் டொலர். நம் பிள்ளைகளுக்கு அது இப்போதைக்கு வெறும் செய்தி.

சைப்பிரஸ் தீவில் ஏழு பேரில் ஒருவர் காவி. அங்கே 1980களில் கிறிஸ்தவத் திருச்சபையே முன்வந்து, மணமக்களிடம் தலசீமியா சோதனைச் சான்றிதழ் கேட்டது. மணத்தைத் தடுக்கவில்லை, அறிந்து மணக்கச் சொன்னது. ஈரான் 1997இலும் சவூதி அரேபியா 2004இலும் திருமணத்துக்கு முந்திய சோதனையைக் கட்டாயமாக்கின. சைப்பிரஸில் கருவிலேயே கண்டறிந்து கலைப்பதும் பெரும்பங்கு வகித்தது. இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிப்பதால், நம் நாட்டில் திருமணத்துக்கு முன்னரே அறிந்துகொள்வது மேலும் முக்கியமாகிறது.

சோதனை என்றதும் பெண்பிள்ளையின் பெயர்தான் ஊரில் அடிபடும் என்ற பயம் தாய்மாருக்கு உண்டு. நியாயமான பயம். அதற்கு வழி இருக்கிறது: முதலில் மாப்பிள்ளையைச் சோதியுங்கள். அவர் காவி இல்லை என்று முழுச் சோதனையும் காட்டிவிட்டால் பெண்ணைச் சோதிக்கவே தேவையில்லை. அந்தத் தம்பதிக்கு இந்த நோயோடு பிள்ளை பிறக்காது. அவர் காவி என்றால் மட்டும் பெண்ணுக்கும் சோதனை, அதுவும் டொக்டருக்கும் அந்த இரண்டு வீட்டாருக்கும் மட்டுமே தெரியும்படி.

தில்லையடியின் பள்ளிவாசல் நிர்வாகத்தாரையும், கோயில், தேவாலயப் பொறுப்பாளர்களையும், திருமணப் பதிவாளர்களையும் கேட்டுக்கொள்கிறேன்: கலியாணப் பேச்சு உங்களிடம் வரும்போது, மஹர், மண்டபம், நாள் எல்லாம் பேசுமுன் "மாப்பிள்ளையின் ரத்தச் சோதனை பார்த்தாயிற்றா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். மகனுக்குப் பெண் பார்க்கும் வாப்பாமாரும் உம்மாமாரும் அந்தக் கேள்விக்குக் காத்திராமல் இந்த மாதமே அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

(தொடரும்)