சட்டப் புத்தகத்தில் உயிர் வாழும் காலம்

2016 மே 3 அன்று ஸ்பெயின் மன்னர் ஆறாம் ஃபெலிப்பே நாடாளுமன்றத்தைக் கலைத்தார். முந்தைய டிசம்பரில் நடந்த தேர்தலில் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை கிடைத்திருக்கவில்லை. பிரதமரைத் தேர்ந்தெடுக்க மார்ச் 2இல் நடந்த முதல் வாக்கெடுப்பு தோல்வியில் முடிந்தது. அதன்பின் இரண்டு மாதம் ஓடியும் யாராலும் அவையின் நம்பிக்கையைப் பெற முடியவில்லை. இப்படியொரு முட்டுக்கட்டை வந்தால் என்ன செய்வது என்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 99ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தது: இரண்டு மாதத்துக்குள் எந்த வேட்பாளரும் நம்பிக்கையைப் பெற்றிராவிட்டால் மன்னர் இரு அவைகளையும் கலைப்பார். 2019இலும் இதே பிரிவுதான் நாட்டை மீண்டும் வாக்குச்சாவடிக்கு அனுப்பியது.

அந்த வாக்கியத்தில் ‘பெற்றிருத்தல்’ என்பதற்கு வரும் வினை ‘உபியேரே ஒப்தெனீதோ’. மாட்ரிட் நகரத்துக் காய்கறிக் கடையிலோ பேருந்திலோ இந்த வடிவத்தைக் கேட்க முடியாது. ஸ்பானிஷ் கற்றுத் தரும் பாடநூல்களில் பெரும்பாலானவை இதை அடிக்குறிப்பில் ஒரு வரியோடு முடித்துவிடும். ஆனால் நாட்டின் உச்சச் சட்டத்தில், ஆட்சியையே நிர்ணயிக்கும் இடத்தில், அது உட்கார்ந்திருக்கிறது.

ஸ்பானிய அரச அகாதெமியின் வினைப் பட்டியலில் மொத்தம் 17 வாய்பாடுகள் உண்டு. நடந்ததையும் நடப்பதையும் நேராகச் சொல்ல 10; ஆசை, ஐயம், நிபந்தனை, இன்னும் நடக்காத செயல் போன்றவற்றைச் சொல்லும் சப்ஜங்க்டிவ் வகையில் 6; ஏவலுக்கு 1. இவற்றில் பாதியைக் கொண்டே ஒருவர் அன்றாடம் தடையில்லாமல் பேசிவிடலாம். அதனால்தான் மிச்சத்தைத் ‘தேவைப்படாது, விட்டுவிடுங்கள்’ என்று சொல்லும் ஆசிரியர்கள் அதிகம். பேசுவதற்கு என்றால் அந்த அறிவுரை சரிதான். படிக்கவும் கேட்கவும் போதாது. வழக்கொழிந்ததாகச் சொல்லப்படும் ஒவ்வொரு காலமும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது. எந்த வடிவம் எங்கே வாழ்கிறது என்று தெரிந்துகொண்டால் அட்டவணையை மனப்பாடம் செய்யும் சுமை பெருமளவு குறையும்.

முதலில் அந்த அரசியலமைப்பு வினையையே எடுத்துக்கொள்வோம். அதன் பெயர் சப்ஜங்க்டிவ் எதிர்காலம். லத்தீனில் தனித்தனியாக இருந்த இரண்டு வடிவங்கள் ஒலியில் ஒன்றாகிப் பிறந்தது இது. ‘யாரேனும் இனிமேல் இப்படிச் செய்தால்’ என்ற பொருளைத் தரும். செர்வாந்தெஸ் 1605இல் ‘தோன் கிஹோத்தே’யை வெளியிட்டபோது இது இயல்பாகப் புழங்கிய வடிவம், அந்த நாவலில் நிறையவே வருகிறது. பின்னர் பேச்சில் அதன் இடத்தை வேறு சப்ஜங்க்டிவ் வடிவங்கள் எடுத்துக்கொண்டன. சட்டம் மட்டும் அதைக் கைவிடவில்லை. ஸ்பெயினின் 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தில் 138ஆம் பிரிவு, ‘இன்னொருவரைக் கொல்பவர் எவராயினும்’ என்று சொல்லும் இடத்தில் ‘மத்தாரே’ என்கிறது. அட்லாண்டிக்கின் மறுகரையில், அர்ஜென்டினாவின் தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 79ஆம் பிரிவிலும் அதே ‘மத்தாரே’தான். சாதாரணப் பேச்சில் இரு நாட்டவருமே ‘மாத்தே’ என்று நிகழ்கால வடிவத்தைச் சொல்லியிருப்பார்கள்.

தமிழில் ‘செய்வாராயின்’, ‘தவறுவாராயின்’ போன்ற வடிவங்கள் பத்திரங்களிலும் சட்ட மொழிபெயர்ப்பிலும் மட்டும் கண்ணில் படுவதை அறிந்தவர்களுக்கு இந்த நிலை புதிதாகத் தோன்றாது. சட்ட மொழியை எளிமையாக்க வேண்டும் என்று கோருவோர் ஸ்பெயினில் இந்த வடிவத்தை விட்டுவிடச் சொல்கிறார்கள். அந்தக் கோரிக்கையில் நியாயம் இருக்கிறது. தன்னைத் தண்டிக்கும் சட்டம் குடிமகனுக்குப் புரிய வேண்டும். ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்ட ஆயிரக்கணக்கான பக்கங்கள் அப்படியேதான் இருக்கின்றன. வாடகை ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டிய வெளிநாட்டவர் இந்த வடிவத்தை இனம் காணத் தெரிந்திருக்க வேண்டும்.

இனம் காண்பதும் கடினமில்லை. ‘அவர்கள் பேசினார்கள்’ என்பது ‘அப்லாரோன்’. கடைசியில் உள்ள ‘ரோன்’ என்பதை எடுத்துவிட்டு ‘ரா’ போட்டால், எல்லோரும் பேச்சில் பயன்படுத்தும் சப்ஜங்க்டிவ் இறந்தகாலம் கிடைக்கும்: ‘அப்லாரா’. ‘ரே’ போட்டால் சட்டப் புத்தக வடிவம்: ‘அப்லாரே’. ‘சாப்பிட்டார்கள்’ என்ற ‘கொமியேரோன்’ இதே வழியில் ‘கொமியேரா’, ‘கொமியேரே’ ஆகும். ஒழுங்கற்ற வினைகளும் இந்த விதியை மீறுவதில்லை. ‘போனார்கள்’ என்ற ‘ஃபுவேரோன்’ என்பதிலிருந்து ‘ஃபுவேரா’, ‘ஃபுவேரே’. ஸ்பானிஷ் வினைகளில் விதிவிலக்கே இல்லாத மூலைகள் குறைவு. அவற்றில் ஒன்றைப் பாடநூல்கள் அடிக்குறிப்பில் ஒதுக்கி வைத்திருப்பது வருத்தத்துக்குரியது.

சட்டத்துக்கு வெளியே இந்த வடிவம் பழமொழியில் தங்கியிருக்கிறது. ‘அதோந்தே ஃபுவேரெஸ், ஆஸ் லோ கெ பியேரெஸ்’ என்பார்கள். எங்கே போனாலும் அங்கே காண்பதைச் செய், அதாவது ஊரோடு ஒத்து வாழ். ‘எது எப்படி இருந்தாலும்’ என்பதற்கு ‘செயா லோ கெ ஃபுவேரே’ என்று சொல்பவர்களும் உண்டு. மெக்சிகோவில் ஆறாண்டுக்கு ஒருமுறை நாடே இதைத் தொலைக்காட்சியில் கேட்கிறது. அரசியலமைப்பின் 87ஆம் பிரிவு வகுத்த உறுதிமொழியில், ‘அவ்வாறு செய்யத் தவறினால் தேசம் என்னிடம் கணக்குக் கேட்கட்டும்’ என்று புதிய குடியரசுத் தலைவர் சொல்ல வேண்டும். அங்கே வரும் வினை ‘இஸியேரே’. 2024 அக்டோபர் 1இல் கிளாவுதியா ஷெயின்பாம் பதவியேற்றபோதும் அதே சொல் ஒலித்தது.

இத்தனை காலங்களையும் ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவர முயன்றவர்களில் முதலில் நினைக்க வேண்டியவர் அந்திரேஸ் பேயோ. 1781இல் கராகஸில் பிறந்தவர். இளைஞராக இருந்தபோது சிமோன் பொலிவாருக்குச் சிறிது காலம் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1810இல் அதே பொலிவாருடன் தூதுக்குழுவில் லண்டன் போனவர், 19 ஆண்டுகள் அங்கேயே வறுமையோடு போராடினார். 1829இல் சிலி நாட்டுக்கு வந்தார். சிலி பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரானார். 1847இல் சாந்தியாகோவில் அவருடைய ஸ்பானிஷ் இலக்கணம் வெளியானது. அது அமெரிக்கக் கண்டத்து மக்களின் பயன்பாட்டுக்கானது என்று தலைப்பிலேயே அறிவித்தார். ரோமப் பேரரசு சிதறிய பின் லத்தீன் பல மொழிகளாக உடைந்ததைப் போல, புதிதாக விடுதலை பெற்ற நாடுகளில் ஸ்பானிஷும் உடைந்துவிடும் என்ற அச்சம் அவருக்கு இருந்தது. தாம் அறிந்த கருவியால் அதைத் தடுக்க முனைந்தார்.

காலங்களுக்கு அவர் வைத்த பெயர்கள் அழகானவை. நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் என்ற மூன்றையும் வைத்துக்கொண்டு, ‘முன்’, ‘உடன்’, ‘பின்’ என்று பொருள்படும் மூன்று முன்னொட்டுகளைச் சேர்த்தார். ‘அவன் வந்தபோது நான் பேசிக்கொண்டிருந்தேன்’ என்பதில் பேச்சு இன்னொரு இறந்தகாலச் செயலோடு உடன் நிகழ்கிறது. ஆகவே அதன் பெயர் ‘கொப்ரெதெரிதோ’, உடன்-இறந்தகாலம். ‘வருவேன் என்று சொன்னான்’ என்பதில் வருகை, சொன்ன கணத்துக்குப் பிறகு வர வேண்டியது. அது ‘பொஸ்ப்ரெதெரிதோ’, பின்-இறந்தகாலம். பெயரைக் கேட்டதுமே காலக்கோட்டில் அந்தச் செயல் எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும். இதே இரண்டையும் அகாதெமி ‘முற்றுப்பெறாதது’, ‘நிபந்தனை’ என்ற பொருள் தரும் பெயர்களால் அழைக்கிறது. அவற்றிலிருந்து எதையும் ஊகிக்க முடியாது. மெக்சிகோ பள்ளிகளில் பேயோவின் பெயர்கள் இன்றும் நடப்பில் இருக்கின்றன. ஸ்பெயினில் அச்சான பாடநூலும் மெக்சிகோ ஆசிரியரும் ஒன்றாகக் கிடைக்கும் மாணவர் குழம்புவதற்கு இதுவே முதல் காரணம்.

பேயோ இன்னொன்றும் செய்தார். 1855இல் ஏற்கப்பட்டு 1857இல் நடைமுறைக்கு வந்த சிலியின் சிவில் சட்டத்தை எழுதியவர் அவரே. அதில் ‘ஃபுவேரே’க்களும் ‘உபியேரே’க்களும் ஏராளம்.

பேச்சுக்கு வருவோம். அட்டவணையில் ‘எளிய எதிர்காலம்’ என்ற பெயரோடு இருக்கும் வடிவத்தை எல்லா மாணவரும் நாளை நடக்கப்போவதைச் சொல்லக் கற்கிறார்கள். ஆனால் நாளைய காரியத்துக்கு மக்கள் பெரும்பாலும் ‘போகிறேன்’ என்ற துணைவினையைச் சேர்த்து ‘போய் அப்லார்’ என்றுதான் சொல்கிறார்கள். மெக்சிகோவில் இது இன்னும் அதிகம். அப்படியானால் அந்த எதிர்கால வடிவம் என்ன ஆயிற்று? ஊகத்துக்குப் போய்விட்டது. வாசல் மணி அடிக்கிறது. ‘கியென் செரா?’ என்று ஒருவர் கேட்கிறார். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் ‘யார் இருப்பார்?’ என்ற எதிர்காலம். உண்மையில் அவர் கேட்பது ‘யாரா இருக்கும்?’ என்பதுதான். ‘செரா எல் கர்தேரோ’ என்று உள்ளேயிருந்து பதில் வருகிறது: ‘தபால்காரரா இருக்கும்.’

தமிழ் பேசுபவருக்கு இங்கே விளக்கமே தேவையில்லை. ‘மணி மூணு இருக்கும்’ என்று எதிர்கால வினையால் இந்த நிமிடத்தைக் குத்துமதிப்பாகச் சொல்வது நமக்கும் பழக்கம். ஸ்பானிஷில் அது ‘செரான் லாஸ் த்ரெஸ்’. ‘இந்நேரம் வந்து சேர்ந்திருப்பான்’ என்பதற்கு ‘யா அப்ரா யெகாதோ’. எதிர்கால நிறைவு என்ற கனமான பெயரோடு உயர்நிலை வகுப்பில் சொல்லித் தரப்படும் வடிவம் இது. சென்னையில் ஸ்பானிஷ் கற்பவர் இதை ஆங்கில வழியாகப் புரிந்துகொள்ள முயல்வதைவிட நேரே தமிழிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். ஊகம் பழைய சம்பவத்தைப் பற்றியதானால் வடிவம் ஒரு படி பின்னால் நகரும்: ‘செரியான் லாஸ் த்ரெஸ்’, அப்போது மணி மூன்று இருந்திருக்கும்.

இந்த ஊக வடிவம் பத்திரிகைகளில் வதந்தி வடிவமாக மாறியிருக்கிறது. ‘எல் மினிஸ்த்ரோ அப்ரியா ரெனுன்சியாதோ’ என்று செய்தி வந்தால், அமைச்சர் விலகியதாகக் கூறப்படுகிறது என்று பொருள். நமது நாளிதழ்களின் ‘கூறப்படுகிறது’ செய்யும் வேலையை அங்கே வினையின் விகுதியே செய்துவிடுகிறது. சொன்னவர் யார் என்பதை அது மறைத்துவிடுவதால் மாட்ரிட்டின் ‘எல் பாயிஸ்’ நாளிதழ் தன் நடைக் கையேட்டில் இதற்கு இடம் தருவதில்லை. ஆனால் லத்தீன் அமெரிக்க ஏடுகளில் தாராளமாகக் காணலாம். இதை அறியாமல் படிப்பவர், ஊர்ஜிதமாகாத செய்தியை ‘விலகியிருப்பார்’ என்ற நிபந்தனை வாக்கியமாக எடுத்துக்கொண்டு, மீதிப் பாதி எங்கே என்று தேடுவார்.

நாவல் படிப்பவர்களுக்கு இரண்டு வடிவங்கள் போதும். ‘அபேனாஸ் ஊபோ யெகாதோ’ என்றால் ‘அவன் வந்து சேர்ந்ததும் சேராததுமாக’. ஒரு செயல் முடிந்த அதே நொடியில் அடுத்தது தொடங்குவதைக் காட்ட மட்டுமே இது வரும். பேச்சில் சாதாரண இறந்தகாலம் இதை விழுங்கிவிட்டது. இரண்டாவது, ‘ரா’ விகுதி தன் பழைய வேலைக்குத் திரும்புவது. இன்று சப்ஜங்க்டிவ் ஆக இருக்கும் ‘ஃபுவேரா’வின் லத்தீன் மூதாதை, ‘அதற்கு முன்பே நடந்திருந்தது’ என்று நேராகச் சொன்ன வினை. அந்த நினைவு செய்தி எழுத்தில் தங்கிவிட்டது: ‘மேயராக இருந்தவர்’ என்பதற்கு ‘எல் கெ ஃபுவேரா அல்கால்தே’ என்று எழுதுவார்கள். அகாதெமி இலக்கணக்காரர்களுக்கு இது அவ்வளவாகப் பிடிப்பதில்லை. எழுதுபவர்களோ நிறுத்துவதில்லை.

பாடநூல் எவ்வளவு படித்திருந்தாலும் பொலிவியாவின் லா பாஸ் நகரில் அது கைகொடுக்காத ஒரு தருணம் வரும். முதல்முறை ஓர் உணவைச் சுவைத்தவர் ‘ரீக்கோ அபீயா சீதோ’ என்கிறார். விதிப்படி அதற்கு ‘முன்பு ருசியாக இருந்திருந்தது’ என்று பொருள். அவர் சொல்வதோ, ‘அட, ருசியா இருக்கே!’ இதுவரை தெரியாதிருந்து இப்போதுதான் தெரியவந்ததைக் குறிக்க, ஆண்டிஸ் மலைப்பகுதி மக்கள் ‘இருந்திருந்தது’ என்ற இந்தத் தொலை-இறந்தகாலத்தைப் பயன்படுத்துகிறார்கள். காரணம் அயிமாரா, கெச்சுவா மொழிகள். தானே கண்டதையும், காணாமல் அறிந்ததையும் வினையிலேயே வேறுபடுத்துபவை அவை. கெச்சுவாவில் அதற்கென்றே ‘ஸ்கா’ என்ற விகுதி இருக்கிறது. ஸ்பானிஷ் பேசத் தொடங்கிய அந்த மக்கள், தங்களுக்குத் தேவையான அந்த வேறுபாட்டை விட்டுக்கொடுக்காமல், கைக்குக் கிடைத்த காலத்தில் ஏற்றிவிட்டார்கள். இதைக் கொச்சை என்று திருத்துபவர்கள், ஒரு மக்கள்கூட்டத்தின் நுட்பமான சிந்தனையைத்தான் அழிக்கப் பார்க்கிறார்கள்.

இந்த அரிய வடிவங்களில் எதையாவது வாய்ப்பழக்கமாக்க விரும்பும் மாணவர் ஊக எதிர்காலத்தோடு தொடங்கலாம். முதல் நாளிலிருந்தே பயன்படும். ‘ஊபோ யெகாதோ’வை நாவலில் சந்திக்கும்போது தெரிந்துகொண்டால் போதும். ‘ரே’ விகுதியைப் பொறுத்தவரை, பேசவே மாட்டோம் என்று நினைத்துக் கற்றவர்களுக்கு பிரேசிலில் ஒரு பயன் காத்திருக்கிறது. போர்ச்சுகீஸ் மொழியில் சப்ஜங்க்டிவ் எதிர்காலம் வழக்கொழியவே இல்லை. சாவோ பாவுலோவில் குழந்தைகள்கூட, ‘நான் போகும்போது’ என்பதற்கு ‘குவாந்து எவ் ஃபோர்’ என்றும், ‘உனக்கு வேண்டுமென்றால்’ என்பதற்கு ‘சி வொசே கிஸேர்’ என்றும் அந்த வடிவத்தில்தான் பேசுகிறார்கள். உருவாக்கும் விதியும் அதேதான்: ‘அவர்கள் செய்தார்கள்’ என்ற இறந்தகால வினையை எடுத்து, வால்பகுதியை வெட்டினால் போதும்.