பைன் மரத்தில் கழுகுக் கூடு

இமாசலப் பிரதேசத்தில் காங்ரா என்று ஒரு மாவட்டம். அங்கே மலைச்சரிவுகளில் பைன் மரக் காடுகள் இருக்கின்றன. மரத்தைக் கீறினால் பிசின் வடியும். பிசின் எடுப்பது பலருக்குப் பிழைப்பு.

அதே மரங்களின் உச்சியில் பிணந்தின்னிக் கழுகுகள் கூடு கட்டுகின்றன. முதுகில் வெள்ளை நிறம் உள்ள கழுகுகள் இவை. செத்த மாட்டைத் தின்று தீர்த்துவிடும். ஊர் நாறாது.

1992 முதல் 2007-க்குள் இந்தியாவில் இந்தக் கழுகுகள் நூற்றுக்கு 99-க்கு மேல் அழிந்தன. காரணம் என்ன? மாடுகளுக்கு வலி தீரக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து. மருந்து கொடுத்த மாடு செத்தது. அதைத் தின்ற கழுகும் சிறுநீரகம் கெட்டுச் செத்தது. 2006-ல் அரசு இந்த மருந்தை மாடுகளுக்குத் தரத் தடை விதித்தது.

மிஞ்சிய கழுகுகள் இனிப் பெருக வேண்டும். ஆனால் ஒரு ஜோடி ஆண்டுக்கு ஒரே முட்டைதான் இடும். குளிர்காலத்தில் அடைகாக்கும். குஞ்சு பறக்கக் கோடை வந்துவிடும். அதற்குள் மரத்தடியில் வெட்டும் சத்தமும் ஆள் நடமாட்டமும் இருந்தால் கழுகுகள் கூட்டை விட்டுப் போய்விடலாம். கீழே சருகு தீப்பிடித்தால், பறக்கத் தெரியாத குஞ்சு எப்படித் தப்பும்? ஒரு கூடு அழிந்தால் அந்த ஜோடிக்கு ஓர் ஆண்டே வீண்.

அப்படியானால் பிசின் எடுக்கவே கூடாதா? எடுக்கலாம். கூடு உள்ள மரத்துக்கு அடையாளம் வைக்க வேண்டும். குஞ்சு பறக்கும் வரை அந்த மரத்தையும் பக்கத்து மரங்களையும் தொடாமல் விட வேண்டும். மற்ற மரங்களில் வேலை நடக்கட்டும். சருகுக்குத் தீ வைக்கக் கூடாது.

சில மாதப் பொறுமைதான். பிழைப்பும் நடக்கும், கழுகும் பிழைக்கும்.