நிலமும் பொழுதும் யாழும்

தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். யாழைக் கருப்பொருளுள் வைத்தார். இம்மூன்றும் ஒருங்கே இயங்க யான் கண்டது இசையோடு கூடிய காலச்சுருக்கப் படத்திலேதான். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் மாரிகால மாலையொன்றை 10 விநாடிக்கு ஒரு படமாகப் பிடித்து, விநாடிக்கு 24 படமாக ஓட்டினால், ஒரு மணி நேரம் 15 விநாடியுள் அடங்கும். முகில் ஆறாய்ப் பாயும். அதன் நிழல் காட்டின்மேல் ஓடும். 1982இல் வெளிவந்த 'கோயானிஸ்காட்ஸி' என்னும் படத்தில் முகிலையும் நகரையும் இவ்வாறே விரையச்செய்து, பிலிப் கிளாசின் இசையோடு இணைத்தனர். அழகுதான். ஆயினும், காடு சூழ்ந்த எம் வன்னி முல்லை நிலம். முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல் அன்றோ? தலைவி காத்திருக்கும் மாலையைப் படம் ஒரு நொடியில் விழுங்கிவிடுகின்றது! ஆதலின் இங்கே விரைந்த தாளம் எனக்கு ஒவ்வாது. மெல்ல இழையும் ஆலாபனையொன்றைச் சேர்த்துப் பாருங்கள். கண்ணுக்கு இருட்டிய பின்னரும் செவி காத்திருக்கும்.